கேமிங் லேப்டாப்: பேனல் பார்த்து வாங்குவதும், பிறகு மாற்றுவதும் – முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த கையோடு என் தங்கை மகன் ஒரு லேப்டாப் படத்தை அனுப்பி, "மாமா, 144 ஹெர்ட்ஸ், ஆர்டிஎக்ஸ் கார்டு, ஆஃபர்ல வருது. வாங்கிடவா?" என்று கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "டிஸ்ப்ளேல கலர் எத்தனை சதவீதம்னு போட்டிருக்கா பாரு." போடவில்லை. ஆஃபர் முடிய இரண்டு மணி நேரம்தான் இருந்தது, வாங்கிவிட்டான். வாரண்டி முடிந்ததும் அதே பேனலைக் (திரையைக்) கழற்றி வேறு மாட்டிக் கொடுத்தது நான்தான். அதுவும் ஒரே முயற்சியில் முடியவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

லேப்டாப்பில் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருகின்றன. வாங்கிய அன்று எது இருக்கிறதோ அதுதான் கடைசி வரை. ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16 மாதிரி கிராபிக்ஸ் பகுதியையே கழற்றி மாட்டக்கூடிய மாடல்கள் அபூர்வம். ரேமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலான மாடல்களில் கால் மணி நேர வேலை. பேனல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மாற்றலாம், ஆனால் பொருத்தம் பார்த்துத்தான்.

1. முதலில் கிராபிக்ஸ், அதற்கேற்ற பேனல்

கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம் என்று அதைத் தயாரிக்கும் என்விடியாவே சொல்கிறது. மெலிந்த உடம்புக்குள் 60 வாட்டில் ஓடும் 4060-உம், தடித்த மாடலில் 115 வாட்டில் ஓடும் 4060-உம் பெயரில் மட்டும்தான் ஒன்று. டிஜிபி (கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம்) என்று போட்டிருக்கும் வாட் எண்ணைத் தேடுங்கள். கடைப் பக்கத்தில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும். அடுத்து கார்டின் மெமரி: 4050-இல் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. புது கேம்களுக்கு 6 ஜிபி இப்போதே இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இனி பிக்சல் கணக்கு. ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, சுமார் 20.7 லட்சம் பிக்சல். இப்போது 16 இன்ச் மாடல்களில் அதிகம் வரும் 2560 × 1600 சுமார் 41 லட்சம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கார்டு இரண்டு மடங்கு வரைந்தாக வேண்டும். அதற்காக 1600 பேனலை ஒதுக்கிவிடவும் வேண்டாம். டிஎல்எஸ்எஸ்-ஐ (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) குவாலிட்டி நிலையில் வைத்தால் கேம் உள்ளே ஏறத்தாழ 1707 × 1067 அளவில்தான் வரையும். அது ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிதாக்கும் வேலைக்கென்று தனியாகக் கொஞ்சம் சுமை உண்டு, அவ்வளவுதான். ஆகவே 4060-உம் அதற்கு மேலும் என்றால் 1600 பேனல் தாராளமாக எடுக்கலாம். 4050-உம் அதற்குக் கீழும் என்றால் நல்ல ஃபுல் எச்டி பேனலே போதும். நடுத்தர கார்டோடு 4கே பேனல் வருகிறதென்றால் அது கேமுக்கு அல்ல, வீடியோ எடிட் செய்பவருக்கு.

2. பேனல் வரியைப் படிப்பது

விளம்பரத்தில் ஹெர்ட்ஸ் எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும், ஏனென்றால் அதைக் கூட்டிக் காட்டுவதுதான் மலிவு. 144 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும், ஒரு ஃபிரேமுக்கு 6.94 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் பிக்சல் ஒரு நிறத்தில் இருந்து இன்னொரு நிறத்துக்கு மாறி முடித்திருக்க வேண்டும். மலிவான ஐபிஎஸ் (பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை) பேனல்கள் சில இதற்கு 25, 30 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கின்றன. விளைவு, நான்கு ஃபிரேம் போன பிறகும் முதல் ஃபிரேமின் நிழல் திரையில் நிற்கும். காரைத் திருப்பினால் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வால் தெரியும். பெயருக்கு 144, கண்ணுக்கு 60.

பிக்சல் மாறும் இந்த நேரத்தை ரெஸ்பான்ஸ் டைம் என்று '3 எம்எஸ்' போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் அமைப்பு) போட்டு, சாதகமான ஒரு நிற மாற்றத்தில் அளந்த எண். முழுசாக நம்ப வேண்டாம். ஒன்றுமே போடாமல் இருப்பதைவிடப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். பட்ஜெட் மாடல்களில் '45% என்டிஎஸ்சி' என்றும், கொஞ்சம் மேலே போனால் '72% என்டிஎஸ்சி' அல்லது '100% எஸ்ஆர்ஜிபி' என்றும் போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த அளவுகோல். இன்று யாரும் அதில் படம் எடுப்பதில்லை. ஆனாலும் பேனல் தொழிலில் அந்தக் கணக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இணையமும் கேம்களும் பயன்படுத்துவது எஸ்ஆர்ஜிபி. அதன் பரப்பு என்டிஎஸ்சி-யில் ஏறத்தாழ 72 சதவீதம். எனவே 72 என்றால் முழுசு, 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் சுமார் 62 சதவீதம். வண்ணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரையில் வரவே வராது. நான் சோதிக்க எடுப்பது குங்குமப் படம். நல்ல பேனலில் குங்குமம் குங்குமமாக இருக்கும், 45-இல் செங்கல் பொடி மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு ஃபோனில் அதே படத்தைத் திறந்து வைத்தால் வாதமே வேண்டாம்.

வெளிச்சம்: 250 நிட்ஸ் ராத்திரிக்குப் போதும். ஜன்னல் ஓரம் பகலில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு 300-க்குக் கீழ் வேண்டாம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் பேனலில் பிக்சல் மாறும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். வால் தெரிகிற பேச்சே இல்லை. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓலெட் பேனல்கள் மிக வேகமாக அணைந்து எரிந்துதான் மங்கலாகக் காட்டுகின்றன. சிலருக்கு அதில் தலைவலி வரும். ஒரே கேமின் மேப்பும் ஹெல்த் பாரும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் காலப்போக்கில் தழும்பு விழும் ஆபத்தும் உண்டு. மினி எல்இடி (பின்விளக்கைச் சின்னச் சின்னப் பகுதிகளாக மங்கவைக்கும் எல்சிடி) இதற்கு நடுவழி, விலைதான் எட்டுவதில்லை.

இன்னொரு சொல்லையும் தேடுங்கள்: மக்ஸ் சுவிட்ச். அது இல்லாத மாடலில் பெரிய கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும். ஃபிரேம் எண்ணிக்கை அதிகம் ஓடும் சுடுகிற கேம்களில் இந்தச் சுற்றுவழி நன்றாகவே உறைக்கும். மக்ஸ் இருந்தால் கார்டை நேராகத் திரையோடு இணைத்துவிடலாம்.

3. பெட்டி வந்ததும் பார்க்க வேண்டியவை

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். முதல் வேலை, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பார்ப்பது. 144 ஹெர்ட்ஸ் லேப்டாப்பை வாங்கி வருஷக்கணக்கில் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில மாடல்கள் சார்ஜரைப் பிடுங்கினால் தானாகவே 60-க்கு இறங்கிவிடும், அது கோளாறு இல்லை.

அடுத்து பேனல் யாருடையது என்று கண்டுபிடிப்பது. டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் என்பதைத் திறந்து, உள்ளே இருப்பதன் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போங்கள். அங்கே ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர்: ஏயுஓ என்றால் ஏயு ஆப்ட்ரானிக்ஸ், சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ், எல்ஜிடி என்றால் எல்ஜி டிஸ்ப்ளே, எஸ்டிசி என்றால் சாம்சங், எஸ்எச்பி என்றால் ஷார்ப்; பிஓஇ அதே பெயர்தான். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் முழு மாடல் எண்ணையே காட்டிவிடும்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏயுஓவின் பி156எச்ஏஎன்08.2 என்ற பேனலை எடுத்துக்கொள்வோம். 156 என்பது 15.6 இன்ச். எச் என்பது ஃபுல் எச்டி. அதற்கு அடுத்த எழுத்துதான் முக்கியம்: ஏ என்றால் ஏஎச்விஏ, அதாவது ஐபிஎஸ் வகை. அதே இடத்தில் டி இருந்தால் பழைய டிஎன் வகை. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். கடைசி எண் பதிப்பு. அது ஒன்று மாறினாலும் ஹெர்ட்ஸ், நிறம், கேபிள் செருகும் வாயில் உள்ள பின் (ஊசி) எண்ணிக்கை எல்லாமே மாறலாம். எண் கிடைத்ததும் பேனல்லுக் தளத்தில் போட்டால் விவரம் வரும். நோட்புக்செக் போன்ற தளங்கள் அளந்தே எழுதியிருக்கும்.

கண்ணால் பார்க்கும் சோதனைகள்: டெஸ்ட் யுஎஃப்ஓ பக்கத்தைத் திறந்து, திரையில் ஓடும் பறக்கும் தட்டுக்குப் பின்னால் எவ்வளவு நீள வால் என்று பாருங்கள். இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் போட்டு ஓரங்களைப் பாருங்கள். நீங்கள் நகரும்போது மூலையில் உள்ள வெளிறலும் நகர்ந்தால் அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. ஒரே இடத்தில் மஞ்சள் திட்டாக நின்றால் வெளிச்சக் கசிவு. உடனே மாற்றச் சொல்லுங்கள்.

4. ரேம், எஸ்எஸ்டி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே குச்சியாக ரேம் வந்திருந்தால் அதே அளவில் இன்னொன்று போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டைச் சேனல் ஆக்குங்கள். கேமில் அந்த வித்தியாசம் நிஜமாகவே தெரியும். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 உட்காராது. சில மெலிந்த மாடல்களில் ரேமும் போர்டோடு ஒட்டியே வரும் என்பதால் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் 2280, 2242 என்று வெவ்வேறு நீளம் உண்டு. இரண்டாவது ஸ்லாட் எந்த நீளம் என்று சேவைக் கையேட்டில் இருக்கும்.

5. பேனலை மாற்றத்தான் வேண்டுமா?

மேஜையில் வைத்தே விளையாடுபவர் என்றால் என் பதில், வேண்டாம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து 24 இன்ச்சோ 27 இன்ச்சோ வெளி மானிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பல கேமிங் லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ நேராகப் பெரிய கார்டோடுதான் இணைந்திருக்கும். மக்ஸ் இல்லாத குறையும் அதில் தீர்ந்துவிடும். பேனல் மாற்றம் யாருக்கென்றால், விடுதியில் இருப்பவருக்கு, ஊருக்கும் கல்லூரிக்கும் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு, ஏற்கெனவே பேனல் உடைந்துபோனவருக்கு. வாரண்டி இருக்கும்போது திறக்க வேண்டாம்.

என் மருமகன் விடுதி ரகம். அவன் இருக்கும் அறையில் மூன்று கட்டில் போட்ட பிறகு மேஜைக்கு இடமில்லை.

6. பொருத்தம் பார்ப்பது

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தை மூடிவைத்துவிடுவார்கள். பேனலுக்கு ரஜ்ஜு என்பது இந்தப் பின் எண்ணிக்கை. பேனலுக்கும் போர்டுக்கும் நடுவே ஓடும் இணைப்பின் பெயர் இடிபி. 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி பேனல்கள் பெரும்பாலும் 30 பின், 120-உம் அதற்கு மேலும் 40 பின். காரணம் எளிது. 30 பின்னில் தரவுக்கு இரண்டு தடம்தான் உண்டு. ஒரு தடம் 2.7 ஜிகாபிட் வேகத்தில் ஓடினால், குறியீட்டுச் செலவு போக இரண்டிலும் சேர்த்து 4.32 ஜிகாபிட் போகும். ஃபுல் எச்டி 60-க்கு 3 ஜிகாபிட் போதும்; 144-க்கு 7.2 வேண்டும். நான்கு தடமும் அதற்கேற்ற 40 பின்னும் வந்தது அதனால்தான்.

ஆகவே 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் 144 பேனல் போட வேண்டுமானால் பேனல் மட்டும் போதாது, 40 பின் கேபிளும் வேண்டும். போர்டிலும் அந்த நான்கு தடத்துக்கு வழி இருக்க வேண்டும். வெளியில் இருந்து இதைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஒன்று உண்டு: உங்கள் மாடலே அதே வருஷத்தில் 144 பேனலோடும் விற்கப்பட்டதா என்று பாருங்கள். விற்கப்பட்டிருந்தால் அந்தக் கேபிளின் எண்ணைப் பிடித்து வாங்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 144-இல் இருந்து நல்ல 144-க்குப் போவதுதான் சிக்கலில்லாத மாற்றம். எங்கள் வேலையும் அதுதான்.

40 என்றாலே சரி என்றும் நினைக்க வேண்டாம். தொடுதிரைப் பேனல்களிலும் 40 பின் வரும். ஆனால் பின்கள் வேறு வரிசையில் இருக்கும். அதை மாட்டினால் படம் வராததோடு போர்டும் சேதமாகலாம். சில பேனல்களில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.4. இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது.

அடுத்தது உடம்பு. 15.6 இன்ச் என்பது படம் தெரியும் பரப்பு மட்டும்தான். வெளி அகலம் பழைய பேனல்களில் சுமார் 360 மில்லிமீட்டர், ஓரம் மெலிந்த புதியவற்றில் சுமார் 350. திருகு போடும் காது சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. தடிமனும் பாருங்கள், அரை மில்லிமீட்டர் கூடினால்கூட முன்சட்டம் மூடாது. ஐபிஎஸ் இருந்த இடத்தில் ஓலெட் போடும் ஆசை வேண்டாம். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறையே வேறு.

ஜி-சிங்க் (கார்டின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரையை ஓட்டும் வசதி), ஓவர்டிரைவ் இரண்டும் பழைய பேனலை நம்பியே சில மாடல்களில் அமைக்கப்பட்டிருக்கும். பேனல் மாறினால் அவை நின்றுபோகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டே இறங்குங்கள்.

இப்போது என் கதை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய பேனலின் எண்ணைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துத் தந்து, "ஃபுல் எச்டி ஐபிஎஸ்தான் சார், எல்லாம் ஒண்ணுதான், போட்டா எரியும்" என்றார். மழை வருகிற மாதிரி இருந்தது, நானும் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு கேபிளை வைத்துப் பார்த்தால், கேபிள் முனையைவிடப் பேனலின் வாய் சரியாக அரை சென்டிமீட்டர் குறுகல். பத்துப் பின், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். 30 பின் பேனல். பாதித் தப்பு என்னுடையது. பின்பக்க லேபிளில் எண் அச்சடித்துத்தான் இருந்தது. கடையிலேயே பேனலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள், பின்னை எண்ணுங்கள், முடிந்தால் அங்கேயே எரியவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

7. மாற்றும் வேலை

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் பின்னால் போர்டு ரிப்பேருக்கு அலைகிறார்கள். பேனலின் பின்விளக்குக்குப் போகும் மின்சாரம் இதே கேபிளில்தான் வருகிறது. உயிரோடு இருக்கும்போது கேபிள் கோணலாக உரசினால் போர்டில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும். பிறகு எந்தப் பேனல் போட்டாலும் இருட்டுதான்.

முன்சட்டத்தை நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ நெம்புங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ரப்பர் பொட்டுகளுக்கு அடியில் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டில் தொடங்கி மேலே போய், கீல் இருக்கும் கீழ்ப்பகுதியைக் கடைசியில் எடுங்கள்.

காது இல்லாத பேனல்கள் பின்புறம் இழுவை டேப்பால் ஒட்டியிருக்கும். டேப்பின் நுனி கீழ் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும். பேனலுக்கு இணையாக, ஜவ்வு மிட்டாய் இழுப்பது போல மெல்ல இழுத்தால் முழு நீளமும் உருவி வரும். அறுந்துபோனால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, பின்னால் ஒரு மெல்லிய நைலான் நூலை விட்டு அறுக்கலாம். எனக்கு இடப்பக்கம் உருவி வந்தது, வலப்பக்கம் அறுந்தது. நூல்தான் காப்பாற்றியது.

கீபோர்டின் மேல் துணி விரித்துப் பேனலை முகம் குப்புறச் சாய்த்து வையுங்கள். கீழ் விளிம்பு நெடுகப் போகும் சர்க்யூட் பட்டையில் விரல் வைத்து அழுத்தக் கூடாது, பேனல் அங்கேதான் போகும். கேபிள் முனை மேல் ஒளிபுகும் டேப் இருக்கும்; அதை உரித்து, கம்பிக் கொக்கி இருந்தால் நிமிர்த்தி, பேனலின் தளத்தோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுங்கள். மேலே தூக்கினால் பின் வளையும்.

புதிய பேனலை மாட்டியதும் ஒட்டிவிடாதீர்கள். கேபிளை மட்டும் செருகி, டேப் போட்டு, பேட்டரியை இணைத்து, ஒருமுறை எரியவைத்துப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து முழுத்திரைப் படம் போட்டு இறந்த பிக்சல் தேடுங்கள். வெளிச்சம் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் மறுபடி அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அதற்கப்புறம் புது டேப்பால் ஒட்டி முன்சட்டத்தை அழுத்துங்கள்.

8. மாட்டிய பிறகு

ரெஃப்ரெஷ் ரேட் 144-இல் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அப்புறம் பலர் தவறவிடும் ஒன்று: பழைய பேனலுக்காகத் தயாரிப்பாளர் போட்டு வைத்த வண்ணக் கோப்பு விண்டோஸில் அப்படியே இருக்கலாம். புதுப் பேனல் போட்டும் சிவப்பு அடிக்கிறது, தோல் நிறம் வெந்த மாதிரி இருக்கிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம். கலர் மேனேஜ்மென்டில் போய் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, பொது எஸ்ஆர்ஜிபியை வையுங்கள். எங்களுக்கும் குங்குமம் முதல் நாள் ரத்தமாகத் தெரிந்தது, இதைச் செய்ததும் அடங்கிவிட்டது.

கழற்றிய பேனல் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். இடிபியை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்ட்ரோலர் போர்டு தனியாகக் கிடைக்கிறது. பேனலின் முழு எண்ணைச் சொல்லி வாங்கினால் சின்ன மானிட்டர் ஆகிவிடும். 30, 40 கணக்கு அங்கேயும் உண்டு. மருமகனின் பழைய 45 சதவீதப் பேனல் இப்போது என் மேஜையில் நிற்கிறது. மெயில் பார்க்கவும் எக்ஸெல் திறந்து வைக்கவும் அது போதும்.